கொடுமணல் கல்லறைகள் யாருடையவை?

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து நான் பள்ளியின் முன்கூடத்தில் அமர்ந்திருந்தபோது, தயங்கியவாறு அருகில் வந்து நின்றார். மத்ரஸாவிற்குள் கைபேசி கூடாது என்பது எங்கள் சட்டம். ஆகவே தம் தந்தையாரின் கைபேசிக்கு வந்த படம் ஒன்றைத் தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். குழி ஒன்றினுள் மாபெரும் மனித எலும்புக்கூடு கிடக்கிறது. அதன் தலைமாட்டில் குனிந்து வேலை செய்யும் மனிதர், அந்த மண்டையோட்டிற்கு முன் ஒரு சிறுவனைப்போல் தோன்றுகிறார். அரபு நாட்டுப் பாலைவனத்தில் எண்ணெய் தேடியவர்கள் கண்டெடுத்த ஆது கூட்டத்தாரின் உடல் என்று கீழே எழுதியிருந்தது.

மாணவரின் ஊர் சென்னிமலைப் பக்கம். அவர் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொடுமணலில் பெரிய பெரிய கற்களை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அவற்றையும் இவர்கள்தாமே நிறுத்தியிருப்பார்கள்? நம்மைப் போன்ற மனிதர்களால் அவற்றை அசைக்கவாவது முடியுமா?"

அந்தப் படத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசகர்களில் பலருடைய இல்லங்களுக்கும் அது வந்து போயிருக்கும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஹைட் பார்க் என்னும் ஊரில், யானைக்கு உறவான, அற்றுப்போன மாஸ்டடான் என்னும் விலங்கின் எலும்புகளை அகழ்ந்தெடுத்தார்கள். அவ்விடத்தை உயரத்திலிருந்து எடுத்த நிழற்படமே இதற்கு மூலம். 2002-இல், கணினியால் படங்களை மாற்றியமைக்கும் போட்டி ஒன்றிற்காக ஒருவர் அதன்மேல் மனித எலும்புக்கூட்டைப் பெரிதாக்கி ஒட்டினார். இல்லாத தொல்பொருள் கண்டுபிடிப்பு ஒன்றை உண்மைபோல் காட்ட வேண்டும் என்பதே அப்போட்டியின் விதி. ஆக, செய்தவர் நம்மை ஏமாற்றவில்லை. 2004 அளவில் அப்படம் கைமாறிக் கைமாறி ஆது கூட்டத்தார் ஆயிற்று. 2007-இல் நம் நாட்டு ஏடு ஒன்று அதனையே புராண காலத்துப் பேருருவம் ஒன்றின் எலும்பு என்று வெளியிட்டது. பெயர் இழுக்கப்பட்ட நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனம் அவ்வாண்டு மறுப்பு எழுதியது. மறுப்பைப் படித்தவர் எத்தனை பேரோ, படம் மட்டும் இன்றுவரை ஊர் சுற்றுகிறது. ஒரு மாஸ்டடானின் குழிக்கு இரண்டு சமூகத்தார் உரிமை கொண்டாடிய விந்தையை என்னென்பது!

ஆது கூட்டத்தாரைப் பற்றி இறைமறை கூறுவதற்குக் கணினியில் ஒட்டிய எலும்பு சாட்சி சொல்ல வேண்டிய தேவை இல்லை. உண்மைக்குப் பொய்ச்சாட்சி நிறுத்தலாம் என்று எந்தச் சட்டநூலில் ஓதினீர்கள் என்று கேட்டேன். மாணவர் சிரித்துவிட்டார். ஆயினும் கற்களைப் பற்றிய கேள்வியை அவர் விடவில்லை.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை என்பதையும் ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். கலைக்கல்லூரியில் வரலாறு பயின்ற நாட்களில், கடல்கொண்ட லெமூரியாக் கண்டத்தைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசும் பெற்றவன் நான். உலகின் முதல் மனிதன் அங்கே தோன்றினான், பெருங்கற்களை நிறுத்தும் கலை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது என்றெல்லாம் முழங்கினேன். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. பின்னர் ஒருநாள் நூலகத்தில் அந்தப் பெயரின் பிறப்பைத் தேடிப் பார்த்தபோதுதான் நாணினேன். 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியல் அறிஞருக்கு ஓர் ஐயம் எழுந்தது. லெமூர் என்னும் குரங்கின வகை உயிர்கள் மடகாஸ்கர் தீவில் மிகுந்து காணப்படுகின்றன. அவற்றுக்கு உறவானவை இந்தியாவிலும் உள்ளன. இடையே கடல். ஒரு காலத்தில் இங்கே நிலம் இருந்திருக்க வேண்டும் என்று கருதி, அந்த நிலத்துக்கு லெமூரின் பெயரையே சூட்டினார். அவர் மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1888-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் தமது தியாசபி நூலில் அந்நிலத்தில் விந்தையான ஆதி மனிதர்களைக் குடியேற்றினார். நம் தமிழறிஞர்கள் சிலர், கடல்கோள் பற்றிய நம் பழைய மரபுச் செய்திகளை அதனோடு இணைத்தனர். கண்டங்களே நகர்கின்றன என்று வேகனர் 1912-இல் கூறி, 1960-களில் அக்கருத்து அறிவியலாரால் உறுதி செய்யப்பட்டபின், மூழ்கிய கண்டம் ஒன்றுக்கான தேவையே அறிவியலுக்கு இல்லாமற் போயிற்று. பனிக்காலம் முடிந்தபின் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் உயர்ந்ததும், கரையோர நிலங்கள் பல நீருள் மறைந்ததும் உண்மை. கண்டம் ஒன்று மூழ்கியது என்பது உண்மையன்று. பரிசாகக் கிடைத்த கோப்பையை இன்னும் வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது நலம் என்றெண்ணி, அடுத்த விடுமுறை நாளில் மேல்வகுப்பு மாணவர்கள் பதினோரு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஈரோட்டிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், சென்னிமலையைத் தாண்டி, நொய்யலாற்றின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். ஆற்றை நெருங்கியபோது மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அருகில்தான் இருக்கிறது. பாசனத்திற்கென்று கட்டிய அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறிய கதை கொங்கு நாட்டார் அறிந்ததே. அது வேறொரு மாதத்துக்குரிய பொருள்.

ஊரை அடுத்து, காய்ந்த சோளத்தட்டும் வேலமுள்ளும் நிறைந்த மேட்டு நிலத்தில் கல்வட்டங்கள் தென்பட்டன. எருமைகள் படுத்திருப்பதைப் போன்ற உருண்டைக் கற்கள் வட்டமாய் அமைந்திருக்க, நடுவே கற்குவியல். அதன்கீழ் நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லால் மூடிய அறை. இதனைக் கற்பதுக்கை என்பர். அறையின் பலகையொன்றில் ஒரு வட்டத்துளை இடப்பட்டிருக்கும். ஆய்வாளர் அதனை இடுதுளை என்கின்றனர். சிறு பிள்ளையொன்று நுழைந்து வரலாம். இத்தகைய ஈமச்சின்னங்கள் இவ்வூரில் ஏறத்தாழ 250 கண்டறியப்பட்டுள்ளன.

அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் தொப்பிகளைக் கண்டு வியப்புடன் வந்தார். "வாங்க பாய், எந்தூருங்க?" என்று விசாரித்துவிட்டு, தாமாகவே சொல்லத் தொடங்கினார். "இதெல்லாம் பாண்டவங்க ஒளிஞ்சிருந்த குழிங்க. எங்க அப்பாரு அப்படித்தான் சொல்லுவாருங்க. அத்தன பெரிய கல்ல மனுசன் தூக்க முடியுமுங்களா? பீமன்தானுங்க தூக்கோணும்."

நான் என் மாணவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவர் சொன்னது அவர் ஊர்க் கதை மட்டுமன்று. தென்னாடு முழுவதும் இக்கல்லறைகளுக்கு இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்பர். ஓரிடத்தில் கட்டியவர் பேருருவினர். மற்றோரிடத்தில், அறை சிறிதாயிருப்பதால், ஒருமுழ உயரக் குள்ளர். 1823-இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் மலபாரில் தாம் திறந்து பார்த்த கல்லறைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது, மக்கள் சொன்ன 'பாண்டு குழி' என்ற பெயரையே தலைப்பில் வைத்தார். படித்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? ஹைதராபாத் நிஜாமிடம் பணியாற்றிய மெடோஸ் டெய்லர், தக்காணத்துக் கல்லறைகளை மிகுந்த ஒழுங்குடன் அகழ்ந்து வரைபடம் வரைந்தவர். அகழாய்வில் அவர் முன்னோடி என்று இன்றும் போற்றுவர். அத்தகையவரே 1860-களில் எழுதிய கட்டுரையின் தலைப்பில், இவற்றை ஐரோப்பியக் கெல்ட்டியருக்கோ அவர்தம் துருயிதப் பூசாரிகளுக்கோ நடு ஆசியச் சிதியருக்கோ உரியவை என்று குறித்தார். அருகில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவனின் முப்பாட்டன் செய்திருப்பான் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தோன்றாமைதான் என் நெஞ்சை உறுத்துவது. ஆப்பிரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஜிம்பாப்வே நாட்டில், சாந்தில்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டிய மாபெரும் மதில்கள் உள்ளன. 1871-இல் அங்கு சென்ற கார்ல் மாக் என்னும் ஜெர்மானியர், கறுப்பின மக்கள் இதைக் கட்டியிருக்க முடியாதென்று முடிவுகட்டி, நம் மார்க்க நூல்களில் பல்கீஸ் என்று அறியப்படும் ஸபா நாட்டு அரசியின் மாளிகை என்று எழுதினார். 1905-இல் ராண்டல் மக்கைவரும், 1929-இல் கேட்டன் தாம்ப்ஸன் அம்மையாரும் அகழ்ந்து பார்த்து, அவ்வூர் ஆப்பிரிக்கரே கட்டியவை என்று நிறுவினர். ஆயினும் வெள்ளையர் ஆட்சி அதனை உரக்கச் சொல்ல விடவில்லை. கட்டியவன் பிள்ளைகள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று சொல்ல வேண்டுமானால், கட்டியவன் வேறொருவனாக இருந்தாக வேண்டுமல்லவா? 1980-இல் விடுதலை பெற்றபோது அம்மக்கள் தம் நாட்டுக்கு அந்த மதில்களின் பெயரையே வைத்தார்கள்.

நம் பெரியவரின் பீமனிலும் என் மாணவரின் ஆது கூட்டத்தாரிலும் அத்தகைய வஞ்சகம் இல்லை. எனினும் விளைவு ஒன்றே. செய்தவனுக்குரிய பெயர் செய்யாதவனுக்குப் போய்விடுகிறது.

"சரி ஹஜ்ரத், எப்படித்தான் தூக்கினார்கள்?" என்றார் மாணவர். தூக்கவே இல்லை என்றேன். நம் கொங்குப் பாறை அடுக்கடுக்காய்ப் பிரியும் தன்மையுடையது. பாறைமேல் தீயிட்டுச் சூடேற்றினால் பலகை பலகையாய்ப் பெயர்ந்து வரும். தென்னாட்டுக் கல்லுடைப்போர் கைவழியாய் அறிந்திருந்த முறை இது. பெயர்ந்த பலகையை உருளைக் கட்டைமேலோ மரச்சறுக்கின்மேலோ ஏற்றிக் கயிறு கட்டி இழுக்கலாம். குழியின் விளிம்புவரை கொணர்ந்துவிட்டால், சரித்து இறக்கி நிமிர்த்துவது எளிது. மூடுகல்லை மண்சரிவு அமைத்து மேலேற்றலாம். இந்தோனேசியாவின் சும்பா தீவில், பெரியவர் ஒருவர் இறந்தால் ஊரார் நூற்றுக்கணக்கில் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டு கல்லறைக் கல்லை இழுத்து வந்த வழக்கம் நம் காலம்வரை நிலைத்திருந்தது. நம் நாட்டு நாகர் மலைகளிலும் கல்லிழுக்கும் விழா உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் உள்ள ஆறு டன் எடையுள்ள கல் ஒன்று, குறைந்தது 750 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்காட்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்தது என்று 2024-இல் கண்டறிந்திருக்கிறார்கள். அதை இழுத்தவர்கள் இரும்பையே அறியாதவர்கள். ஊர் கூடினால் தேர் நகரும் என்பதை நாமறியோமா? எங்கள் மத்ரஸாவின் இரண்டாம் தளத்திற்குத் தளம் போட்ட அன்று, பளுதூக்கி வராமற்போக, ஜமாஅத்தார் வரிசையாய் நின்று சட்டி மாற்றிச் சட்டி மாற்றி மஃரிபுக்குள் முடித்ததை மாணவர்கள் கண்ணால் கண்டவர்கள். அதை நினைவூட்டியவுடன் பாதிப் பேருக்குப் பூதங்கள் தேவைப்படவில்லை.

அப்படியானால் அவர்கள் யார்? இதற்கு விடை இம்மண்ணிலேயே கிடைத்திருக்கிறது என்பதுதான் கொடுமணலின் சிறப்பு. ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்கள் போன்றோர் இவ்வூரின் தொன்மையை அறிஞர் கவனத்திற்குக் கொணர்ந்தனர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோரைக் கொண்டு பல பருவங்கள் அகழ்ந்தது. பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழக அரசின் தொல்லியல் துறையும் பணியைத் தொடர்ந்தன. கல்லறைகளை மட்டும் தோண்டாமல், அவற்றைக் கட்டியவர்கள் வாழ்ந்த குடியிருப்பையும் தோண்டினார்கள். கரிமக் கணிப்பு அக்குடியிருப்பைக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கிறது.

என்ன கிடைத்தது? இரும்பு உருக்கிய உலைகள், கசடுகள், மூசைகள். இரும்பை எஃகாக்கும் நுட்பத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கான சான்றுகள். பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு ஆகியவற்றால் மணி செய்த பட்டறைகள். உடைத்த கல், உருட்டிய கல், மெருகிட்ட கல், துளையிட்ட கல் என்று வேலையின் ஒவ்வொரு படியும் தரையில் கிடந்தது. துளையிடும்போது உடைந்து, கைவிடப்பட்ட மணிகளும் உண்டு. அவற்றை எண்ணும்போதெல்லாம், பாடம் பிழைத்துப் பலகையை அழிக்கும் சிறுவன் என் நினைவுக்கு வருவான். பிழைபட்டுப் போன வேலைதான் செய்தவன் மனிதன் என்பதற்குச் சான்று. பூதம் செய்திருந்தால் மணி உடைந்திருக்காது.

இதற்கான மூலப்பொருள் எதுவும் கடலுக்கடியிலிருந்து வரவில்லை. பச்சைக்கல் காங்கேயம் அருகே படியூரில் கிடைத்தது. நீலக்கல் சிவன்மலையில், பளிங்கு வெங்கமேட்டில், இரும்புத் தாது சென்னிமலையில். ஈரோட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் ஊர்கள்! நம் பெரியவர்கள் மோதிரத்தில் பதிக்கும் அகீக் கல் மட்டும் இங்கு விளைவதில்லை. குஜராத், தக்காணம் போன்ற தொலைவிடங்களிலிருந்து வரவேண்டும். கொடுமணலின் ஒரே கல்லறையில் அத்தகைய சிவந்த அகீக் மணிகள் 2220 கிடைத்தன. பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் புகழ்பெற்றதாய்ச் சுட்டப்படும் கொடுமணம் என்னும் ஊர் இதுவே என்பர் அறிஞர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர். இரண்டையும் இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. பச்சைக்கல் வகை இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது என்று உரோமாபுரி அறிஞர் பிளினி எழுதி வைத்தார். கோவை வெள்ளலூரில் 1842-இல் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்ததற்கும் இதற்கும் உறவுண்டு.

எஃகைப் பற்றிச் சொன்னபோது மாணவர்களின் முகம் மலர்ந்தது. அரபு இலக்கியம் ஓதியவர்களுக்கு 'முஹன்னத்' என்ற சொல் தெரியும். இந்திய எஃகால் ஆன வாள் என்று பொருள். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஓதிய 'பானத் சுஆத்' கவிதையிலும் அச்சொல் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களின் வகைகளைப் பற்றித் தனி நூலே எழுதிய அல்கிந்தியும் இந்திய எஃகைப் பேசினார். கொடுமணல் உலையில் உருகியதுதான் அந்த வாள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் மாஸ்டடான் குழிக்குள் இறங்கியவனாவேன். அரேபியர் ஒரு வாளைப் புகழ இந்த நாட்டின் பெயரையே அடைமொழியாக்கினார்களே, அந்தப் புகழை ஈட்டிய கைத்தொழிலின் பழைய உலைகளுள் சில நம் சென்னிமலைக்கு அருகே எரிந்தன என்பது போதும்.

இனி, பெயர்கள். பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துகளில் கீறிய பெயர்கள் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்துள்ளன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், விசாகி. தன் பானை அடுத்தவீட்டுப் பானையோடு மாறிவிடக் கூடாதென்று எழுதியிருப்பார்கள் போலும். நிகம என்னும் வணிகக் குழுச் சொல்லும் உண்டு. சுமணன், விசாகி போன்றவை வடபுலத்துச் சாயல் கொண்ட பெயர்கள். தொலைவிலிருந்து வந்து தங்கியவர்களும் இருந்தார்கள் என்று தெரிகிறது.

இவ்விடத்தில் என் மாணவர் மீண்டும் குறுக்கிட்டார். "ஹஜ்ரத், ஆதன் என்று இருக்கிறதே! ஆது, ஆதன். ஒன்றுதானே?" மற்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டார்கள். ஆதன் என்பது சங்க காலத்தில் பெருவழக்கான பெயர், சேரமன்னர் பெயர்களிலும் வரும், ஓசை ஒற்றுமையைக் கொண்டு வரலாறு எழுதினால் ஆதவனும் ஆதம் நபியும்கூட ஒன்றாகிவிடுவார்கள் என்றேன். கேட்டவருக்கு என்மேல் சற்றே வருத்தம். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. கேளாமல் மனத்தில் வைத்துக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு அதுவும் ஒரு படமாகி வந்திருக்கும்.

ஆட்டுக்காரப் பெரியவர் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ஒரு கல்வட்டத்தின் நடுவே இருந்த பள்ளத்தைக் காட்டினார். "இது சர்க்கார் தோண்டுனது இல்லீங்க. ராத்திரில வந்து தோண்டிப்போட்டாங்க. புதையல் இருக்குதுன்னு. ஒண்ணும் இருக்காதுங்க. பானையும் எலும்புந்தான். எல்லாத்தயும் ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க." இன்னொரு தோட்டத்துக் கிணற்றடியில், வட்டத்துளையுடைய பலகை ஒன்று துவைகல்லாகக் கிடந்தது. அதன்மேல் யாரோ ஒருவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

நான் அஞ்சுவது இதுதான். பூதம் கட்டியது என்றால் அங்கே பொன் இருக்கும் என்றும் மனம் எண்ணும். மர்மம் என்று தலைப்பிட்டு எழுதும் ஏடுகளும், ஆளுயர எலும்பைக் காட்டும் படங்களும் இரவில் கடப்பாரையுடன் வருபவனுக்கு முகவரி எழுதிக் கொடுக்கின்றன. கண்ணன் ஆதனின் கல்லறை என்றால் தோண்டுகிறவன் கை ஒருகணமாவது கூசும். (மண்ணில் கிடைக்கும் புதையலை, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் அறிந்திருப்பது நலம்.)

அக்கல்லறைகளில் உள்ளோர் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று சிலர் கேட்கக்கூடும். யூதர் ஒருவரின் பிரேதம் சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தியை இம்மாணவர்கள் ஹதீஸ் வகுப்பில் ஓதியவர்கள். ஆகவே அதை நான் அங்கே விரித்துரைக்கவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் பூர்வீக ஊரில் கபுருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். கல் போதவில்லை. எழுத்தில்லாத பழைய மீசான் கற்கள் ஓரமாய்ச் சாய்ந்தும் புதைந்தும் கிடந்தன. யாருடையவை என்று தெரியாதவைதானே என்று அவற்றைப் பெயர்த்து அஸ்திவாரத்தில் போட்டார்கள். தன்னார்வமாய்க் கல் சுமந்த இளைஞர்களில் நானும் ஒருவன். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் எண்ணினேன். அந்த ஆண்டு பராஅத் இரவில் அத்தா வழக்கம்போல் ஜியாரத்துக்கு வந்தார். அவரைத் தூக்கி வளர்த்த நன்னிமாவின் கபுரில் எழுத்தில்லாத கல் ஒன்றுதான் அடையாளம். அத்தா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வேப்பமரத்தடியிலிருந்து அடிகளை எண்ணி நடந்தார். நின்றார். பிறகு இன்னும் இரண்டடி தள்ளி நின்றார். அங்கேயே கையேந்தி துஆ செய்தார். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அந்தக் கல்லைச் சுமந்தது நானா, வேறொருவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாணவர்கள் பேசாமல் இருந்தார்கள். வெயில் தாழத் தொடங்கியது. லுஹரை வழியில் தொழுதிருந்தோம், அஸருக்குச் சென்னிமலை போய்ச் சேரவேண்டும். எல்லோரும் வேனில் ஏறியபின், படம் கொண்டுவந்த அந்த மாணவர் மட்டும் ஏறாமல் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். விரல்நகம் அளவிலான சிவந்த கல் துண்டு. மழை பெய்து ஓய்ந்தால் இவ்வூர்க் காடுகளில் பாசிமணியும் கல்துண்டும் மேலே வரும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மெருகிட்டிருந்தது. மறுபக்கம் துளையிடத் தொடங்கிய சிறு பள்ளம்.

"எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

அவர் கல்வட்டங்களை நோக்கி ஓடினார். இரண்டாம் வட்டத்தருகே நின்று தரையைப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு சோளத்தட்டுப் பக்கமாய்ச் சில அடி நடந்து, அங்கும் நின்று பார்த்தார். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தக் கை வைத்தபோது நான் தடுத்துவிட்டேன்.